காலையில் வைத்த கஞ்சி சாயங்காலம் வரை தாங்குமா? (6 மாதக் குழந்தை, வீட்டுச் சாப்பாடு)

பொங்கோல் புதுசு | 3 மார்ச், இரவு 10.14

பிள்ளைக்கு ஆறு மாதம் முடியுது. பகலில் ஈசூனில் மாமியார் வீட்டில் இருப்பான். காலை 6.30க்குக் கஞ்சி வைத்து தெர்மாஸ் டப்பாவில் ஊற்றிக் கொடுத்தால் 11.30க்குப் பாதி, 4 மணிக்கு மீதி ஊட்டலாமா? டப்பா 500 மி.லி., "எட்டு மணி நேரம் சூடு" என்று பெட்டியில் போட்டிருக்கு. பாட்டில் ஸ்டெரிலைசரில்தான் கிண்ணம், கரண்டி எல்லாம் போடுகிறோம். இயற்கை முறைக் காய்கறிதான் வாங்குகிறோம். வேறு என்ன பார்க்கணும்?

கரண்டி கணக்கு | 3 மார்ச், இரவு 10.51

11.30க்குக் கொடுக்கலாம். 4 மணிக்குக் கூடாது.

இயற்கைக் காய்கறி, ஸ்டெரிலைசர் இரண்டையும் கொஞ்சம் ஓரமாக வைங்க. நம்ம சிங்கப்பூரில் குழந்தைச் சாப்பாட்டைக் கெடுப்பது வெப்பநிலையும் நேரமும்தான். 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில் உணவு எவ்வளவு நேரம் கிடக்கிறது, அதுதான் கேள்வி. சமையலறை 30, 31 டிகிரி. கிருமிக்கு இதைவிட வசதியான வீடு கிடையாது.

அரிசியில் பேசிலஸ் சீரியஸ் என்று ஒரு கிருமி உண்டு. அதன் வித்துகள் கொதியிலும் சாகாது. கஞ்சி வெதுவெதுப்பாக இறங்கும்போது முளைத்துப் பெருகும், நஞ்சு விடும். வாந்தி வரவைக்கும் அந்த நஞ்சு, மறுபடி கொதிக்க வைத்தாலும் போகாது. "ஒரு கொதி விட்டால் சரியாப்போகும்" என்பது இங்கே வேலைக்கு ஆகாது.

பெட்டியில் போட்ட எட்டு மணி நேரம், டப்பாவைக் கழுத்து வரை நிரப்பி, இடையில் திறக்காமல் வைத்தால்தான். 11.30க்குத் திறந்து பாதியை எடுத்துவிட்டால், மிச்சம் பாதி டப்பா காற்று. சூடு மளமளவென்று இறங்கும். 4 மணி வேளைக்குத் தனி ஏற்பாடு வேணும்.

மருந்துப்பெட்டி | 4 மார்ச், காலை 7.20

ஆறு மாதம் இப்போதுதான் முடிகிறது என்றால் அந்த 4 மணி வேளையே இப்போதைக்கு வேண்டாம். முதல் ஒன்றிரண்டு வாரம் ஒரு நாளைக்கு ஒரு வேளை, இரண்டு மூன்று மேசைக்கரண்டி போதும். 4 மணிக்குப் பால். உலகச் சுகாதார நிறுவனக் கணக்கில் 6 முதல் 8 மாதம் வரை நாளுக்கு இரண்டு மூன்று வேளை. ஒரு வேளைக்கு மெல்ல மெல்ல 250 மி.லி. கிண்ணத்தில் பாதி வரை கூட்டலாம். முதல் நாளே 500 மி.லி. டப்பா எதற்கு?

தலை நிற்கணும், பிடித்து உட்காரவைத்தால் உட்காரணும், கரண்டியை நாக்கால் வெளியே தள்ளுவது நின்றிருக்கணும். இது மூன்றும் இருந்தால் ஆரம்பிக்கலாம். பல் முளைக்கக் காத்திருக்க வேண்டாம்.

கிண்ணம், கரண்டிக்கு ஆறு மாதத்துக்குமேல் ஸ்டெரிலைசர் தேவையில்லை. சோப்பு போட்டு வெந்நீரில் கழுவி, துணியால் துடைக்காமல் காயவிட்டால் போதும். பால் பாட்டிலுக்கு மட்டும் ஒரு வயது வரை தொடருங்க.

ஈசூன் அடுக்களை | 4 மார்ச், காலை 9.05

தெர்மாஸ் கஞ்சி சரியாக வரும் முறை:

அரிசி 3 மேசைக்கரண்டி கழுவி, நீரை வடித்து, சின்னப் பையில் போட்டு முந்தின இரவு ஃப்ரீசரில் வைங்க. உறையும்போது பருக்கைக்குள் விரிசல் விழும், அதனால் சீக்கிரம் கரையும். காலையில் டப்பாவில் முதலில் வெறும் கொதிநீர் ஊற்றி மூடி 10 நிமிடம். அதைக் கொட்டிவிட்டு அரிசியைப் போட்டு மறுபடி கொதிநீர், 5 நிமிடம், குலுக்கிக் கொட்டுங்க. மூன்றாவது முறை ஊற்றும் கொதிநீர்தான் வேகவைக்கிற நீர். கழுத்து வரை நிரப்பி மூடுங்க. இரண்டரை, மூன்று மணி நேரத்தில் கஞ்சி.

நடுக் கொதிநீரைத் தவிர்த்தால் உறைந்த அரிசியே சூட்டை விழுங்கிவிடும். மேலே தண்ணீர், அடியில் நறுக்கரிசி என்று நிற்கும்.

கரண்டி கணக்கு | 4 மார்ச், காலை 9.32

இதோடு ஒரு நிபந்தனை: அந்த டப்பாவில் வெறும் அரிசி மட்டும்தான். பச்சை மீன், கொத்துக்கறி, முட்டை எதையும் போட்டு "அதுவே வெந்துக்கும்" என்று மூடக்கூடாது. டப்பா அடுப்பு இல்லை, சூடு இறங்கிக்கொண்டே போகும். கறியின் நடுப்பகுதி 75 டிகிரி தொட்டதா என்று யாருக்கும் தெரியாது. கறியைத் தனியாக வேகவைத்து, கொதிக்கக் கொதிக்கச் சேருங்க.

மீனுக்கு இது இரண்டு மடங்கு பொருந்தும். 2015இல் இங்கே பச்சை நன்னீர் மீன் சாப்பிட்டவர்களுக்கு குரூப் பி ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தொற்று வந்தது நினைவிருக்கும். அந்த டிசம்பரில்தான் நன்னீர் மீனைப் பச்சையாகப் பரிமாறக் கடைகளுக்குத் தடை போட்டார்கள். மெல்லிசாக வெட்டிய மீனைச் சூடான கஞ்சியில் முக்கி எடுப்பது வேகவைத்ததாக ஆகாது.

குத்திப் பார்க்கிற உணவு வெப்பமானி ஒன்று வாங்குங்க. அதிக விலை இல்லை. 11.30க்குத் திறந்ததும் 60க்கு மேல் காட்டினால் ஊட்டலாம். காட்டாவிட்டால் கொட்டணும், யோசிக்கவே வேண்டாம்.

தேக்கா மூலை | 4 மார்ச், மதியம் 1.15

வெப்பமானி எல்லாம் வேணுமா? சட்டியோடு வைத்துச் சாப்பிட்டு வளர்ந்தவர்கள்தானே எல்லாரும்.

கரண்டி கணக்கு | 4 மார்ச், மதியம் 1.40

வளர்ந்தவர்கள்தான் இப்போது பேசுகிறார்கள் அண்ணே.

மூடிய சட்டிதான் இருப்பதிலேயே மோசம். கெட்டிக் கஞ்சி மெல்லத்தான் ஆறும், நடுவில் 40, 45 டிகிரியில் மணிக்கணக்காக நிற்கும். குக்கர் "வார்ம்" நிலையில் இருந்தால் பொதுவாக 60க்கு மேல், பரவாயில்லை. சுவிட்சை அணைத்து மூடியைத் திறக்காமல் விட்டால்தான் வம்பு.

பொங்கோல் புதுசு | 4 மார்ச், இரவு 11.02

புரிஞ்சது. ஒரு வேளைதான், அதுவும் 11.30. வார இறுதியில் செய்து உறையவைத்துக் கொடுத்தால்? மாமியார் வீட்டில் மைக்ரோவேவ் இருக்கு.

ஈசூன் அடுக்களை | 5 மார்ச், காலை 8.48

தெர்மாஸைவிட அதுதான் நல்ல வழி.

அரிசி 2 மேசைக்கரண்டி, பாசிப்பருப்பு 1, தண்ணீர் அரை லிட்டர். குக்கரில் சின்ன தீயில் ஐந்து விசில். கடைசியில் பொடியாக வெட்டிய கேரட்டோ பூசணியோ தனியாக ஆவியில் வேகவைத்து மசித்துச் சேருங்க. உப்பு, சர்க்கரை வேண்டாம்.

வெந்ததும் அப்படியே ஃப்ரீசரில் வைக்கக்கூடாது. அகலமான எவர்சில்வர் தட்டில் இரண்டு விரல் கனத்துக்குமேல் போகாமல் பரப்பி, தட்டைப் பனிக்கட்டித் தண்ணீர் உள்ள பெரிய பாத்திரத்தில் மிதக்கவிட்டுக் கிளறுங்க. பத்துப் பதினைந்து நிமிடத்தில் ஆறிவிடும். சட்டியோடு ஆறவிட்டால் மணிக்கணக்கில் ஆகும். ஆறியதும் மூடியுள்ள ஐஸ் தட்டில் ஊற்றுங்க, ஒரு குழி 30 மி.லி., அதாவது 2 மேசைக்கரண்டி. கெட்டியானதும் பைக்கு மாற்றி, தேதியும் உள்ளே என்ன என்பதும் எழுதுங்க. உறைந்த பிறகு பூசணியும் கேரட்டும் ஒரே நிறம், பருப்புக் கஞ்சியும் கோழிக் கஞ்சியும் ஒரே நிறம்.

மைனஸ் 18 டிகிரியில் ஒரு மாதத்துக்குள் முடியுங்க. ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜின் உள்ளே இருக்கும் சின்ன ஐஸ் அறை அந்தக் குளிருக்குப் போகாது, அதை நம்ப வேண்டாம். ஃப்ரிட்ஜில் என்றால் 4 டிகிரிக்குக் கீழே, ஒரு நாள். கறி, மீன் இல்லாததை இரண்டு நாள் வரை வைப்பவர்களும் உண்டு.

மருந்துப்பெட்டி | 5 மார்ச், காலை 9.10

கீரை, பீட்ரூட், கேரட் மசியலை இரண்டு நாள் கணக்கில் சேர்க்காதீங்க. இவற்றில் நைட்ரேட் அதிகம். வெந்து மசித்தது வெளியில் கிடந்தாலோ ஃப்ரிட்ஜில் நாள் கடந்தாலோ கிருமிகள் அதை நைட்ரைட்டாக மாற்றும். அன்றே கொடுக்கணும், இல்லை உடனே உறையவைக்கணும். வேகவைத்த தண்ணீரையும் சேர்க்க வேண்டாம். அதற்காகக் கீரை கெட்டது என்று அர்த்தமில்லை, ஆறு மாதத்துக்குமேல் தாராளமாகக் கொடுக்கலாம்.

பிடோக் பாட்டிமா | 5 மார்ச், மாலை 4.30

எல்லாம் சரிம்மா. முதலில் பருப்புத் தண்ணிதானே கொடுக்கணும், எடுத்ததும் பருப்பா? செரிக்குமா?

மருந்துப்பெட்டி | 5 மார்ச், இரவு 8.25

பாட்டிமா, பருப்புத் தண்ணியில் பருப்பு இல்லையே. பானையின் அடியில் நிற்கிற பருப்பில்தான் புரதமும் இரும்பும். மேல் தண்ணியைக் கொடுத்தால் வயிறு நிறையும், சத்து நிறையாது. குழந்தையின் வயிறோ சின்னது, அந்த இடத்தைத் தண்ணிக்குக் கொடுக்கக் கூடாது. எலும்பு சூப்புக்கும் இதே கதை. நன்றாக வெந்து மசிந்த பாசிப்பருப்பு முதல் வாரமே செரிக்கும். கரண்டியைச் சாய்த்தால் மெல்ல வழியணும், ஒழுகக்கூடாது. அந்தப் பதம்.

ஆறு மாதத்தில் முதல் கவலை இரும்புச்சத்து. வயிற்றில் இருக்கும்போது சேர்த்துவைத்தது அப்போதுதான் தீர ஆரம்பிக்கும். வெறும் அரிசிக் கஞ்சியில் வாரக்கணக்கில் ஓட்டக்கூடாது. கறி, முட்டை, மீன், பருப்பு, டோஃபு, இரும்பு சேர்த்த தானிய உணவு, இவற்றில் ஒன்றாவது தினம் இருக்கட்டும். பருப்பு கொடுக்கும் வேளையில் கொஞ்சம் தக்காளியோ பப்பாளியோ சேர்ந்தால் வைட்டமின் சி அந்த இரும்பை உடம்பில் ஏற்றும்.

ஈசூன் அடுக்களை | 5 மார்ச், இரவு 9.00

கொத்துக்கறி கட்டி கட்டியாகி பிள்ளை துப்புவதற்குக் காரணம், சூடான கஞ்சியில் நேராகப் போடுவது. ஒரு மேசைக்கரண்டி கறிக்கு மூன்று மேசைக்கரண்டி பச்சைத் தண்ணீர் ஊற்றி, முள்கரண்டியால் பாலாகக் கரைத்துவிட்டு அப்புறம் அடுப்பில் வைங்க. கிளறிக்கொண்டே கொதிக்கவிட்டால் மணல் மாதிரி உதிரியாக வேகும்.

ஈரல் வாரம் ஒரு தரம், ஒரு தேக்கரண்டி. அதற்குமேல் வைட்டமின் ஏ எகிறும்.

தேக்கா மூலை | 6 மார்ச், மதியம் 12.20

எந்த மீன் என்று யாரும் சொல்லவில்லை. காலா மீன், ஈரச்சந்தையில் குராவ் என்று கேட்டால் கொடுப்பார்கள். நடு முள்ளை ஒட்டிய துண்டை விட்டு, முதுகுத் துண்டாகக் கேளுங்க. ஆவியில் வைத்து, வெள்ளைத் தட்டில் விரலால் அழுத்தி அழுத்தித் தடவிப் பார்த்தால் மெல்லிய முள் தட்டுப்படும். கண்ணுக்குத் தெரியாததும் விரலுக்குத் தெரியும். மிக்சியில் போட்டால் முள் அரைந்துவிடும் என்று நினைக்காதீங்க, ஊசியாக உடையும்.

சுறாப் புட்டு தாய்க்கு வைப்பது வழக்கம், பிள்ளைக்கு வேண்டாம். சுறா, வாள்மீன் மாதிரிப் பெரிய வேட்டை மீனில் பாதரசம் கூடுதல்.

பொங்கோல் புதுசு | 6 மார்ச், இரவு 10.40

நெத்திலிப் பொடி? எல்லாரும் இக்கான் பிலிஸ் போடச் சொல்கிறார்கள், கால்சியமாம்.

கரண்டி கணக்கு | 6 மார்ச், இரவு 11.05

கால்சியம் உண்டு. உப்பும் உண்டு, கருவாடு அல்லவா. தலையும் குடலும் கிள்ளி, கால் மணி நேரம் ஊறவைத்து நீரை இரண்டு தரம் மாற்றி, ஈரம் போக வறுத்துப் பொடித்தாலும் உப்பு முழுசாகப் போகாது. ஒரு வயதுக்குள் ஒரு நாளுக்கு மொத்த உப்பே 1 கிராமுக்குள் இருக்கணும், அதில் பாலில் வருவதும் அடங்கும். சுவைக்கு ஒரு சிட்டிகை என்றால் சரி, கரண்டி கணக்கில் வேண்டாம். பொடியை ஃப்ரீசரில் வைங்க, வெளியில் வைத்தால் இந்த ஈரக்காற்றில் சிக்கு வாடை வரும்.

ராகிப் பிரியை | 7 மார்ச், காலை 6.55

சத்துமாவை விட்டுவிட்டீர்களே. இருபது தானியம், முந்திரி, பாதாம், நிலக்கடலை எல்லாம் வறுத்து அரைத்தால் ஒரே பொடியில் எல்லாம் ஆச்சு.

மருந்துப்பெட்டி | 7 மார்ச், காலை 7.30

எல்லாம் ஆச்சு, அதுதான் சிக்கல். தோல் தடித்தால் இருபதில் எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கடலை, முந்திரி, கோதுமை, முட்டை, பால், மீன், இறால், சோயா, எள், இவற்றைத் தனித்தனியாக முதலில் காட்டுங்க. எல்லாம் ஒத்துக்கொண்ட பிறகு சத்துமாவு கொடுங்க.

அதற்காகக் கடலையைத் தள்ளிப்போடவும் வேண்டாம். 2015இல் வந்த லீப் ஆய்வு இதை மாற்றியது: கடுமையான எக்சிமாவோ (தோல் அழற்சி) முட்டை ஒவ்வாமையோ இருந்த கைக்குழந்தைகளில், 11 மாதத்துக்குள் கடலை சாப்பிட ஆரம்பித்தவர்களுக்கு ஐந்து வயதில் கடலை ஒவ்வாமை வெகுவாகக் குறைந்திருந்தது.

கடலையை முழுசாகவோ நொறுக்கியோ கொடுக்கக்கூடாது, ஐந்து வயது வரை தொண்டையில் அடைக்கும். உப்பு, சர்க்கரை சேராத வழவழப்பான கடலை வெண்ணெய் 2 தேக்கரண்டியை 2, 3 தேக்கரண்டி வெந்நீரில் கரைத்து ஆறவிடுங்க. கெட்டியாகக் கொடுத்தால் மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். கரண்டி நுனியில் ஒரு தொட்டு, பத்து நிமிடம் பாருங்க. ஒன்றுமில்லை என்றால் மீதியை மெதுவாக ஊட்டி, இரண்டு மணி நேரம் கவனியுங்க. காலையில், பிள்ளைக்குச் சளி காய்ச்சல் இல்லாத நாளில், நீங்கள் வீட்டில் இருக்கும்போது. ஒத்துக்கொண்டால் விடக்கூடாது, வாரத்தில் இரண்டு மூன்று தரம் தொடரணும். கடுமையான எக்சிமா உள்ள பிள்ளை என்றால் மருத்துவரைக் கேட்டுவிட்டுத்தான்.

வாயைச் சுற்றி மட்டும் சிவந்தால் தக்காளி, அன்னாசியின் புளிப்பு உறுத்தியதாக இருக்கலாம். உடம்பெங்கும் தடிப்பு, உதடு கண் வீக்கம், திரும்பத் திரும்ப வாந்தி, மூச்சு இழுப்பு, துவண்டு போவது என்றால் காத்திருக்காமல் 995க்கு அழைத்து ஆம்புலன்ஸ் கூப்பிடுங்க.

ராகிப் பிரியை | 7 மார்ச், காலை 8.10

சரி, ராகி மட்டுமாவது? முளைகட்டிச் செய்யலாம்தானே.

ஈசூன் அடுக்களை | 7 மார்ச், காலை 8.40

ராகி நல்லது, 100 கிராமில் சுமார் 350 மி.கி. கால்சியம். முளைகட்டினால் இரும்பும் எளிதாகச் சேரும். ஆனால் அடுக்குமாடி வீட்டு ஜன்னலோரத்தில் காயவைக்கும் இடத்தில்தான் தவறும். மழைக்காலத்தில் இரண்டு நாள் ஈரமாகவே கிடந்து பூஞ்சை பிடிக்கும். ஓவனில் 60, 70 டிகிரியில் கதவைச் சற்றே திறந்துவைத்து, பருக்கையைக் கடித்தால் 'டக்'கென்று உடையும்வரை காயவையுங்க. லேசாக மக்கு வாடை வந்தாலும் முழுசையும் எறியணும்.

இந்த வேலைக்கெல்லாம் நேரமில்லை என்றால் ராகிப் பால் எடுங்க. 3 மேசைக்கரண்டி ராகியை இரவு ஃப்ரிட்ஜில் ஊறவைத்து, அரைத்து, துணியில் பிழிந்து, அந்தப் பாலை அடி பிடிக்காமல் எட்டுப் பத்து நிமிடம் கிண்டுங்க. பளபளப்பு வரணும். பளபளப்பு வராத கூழ் வேகாத கூழ்.

அரிசியில் இயற்கையாகவே கொஞ்சம் ஆர்செனிக் உண்டு, அதனாலும் ராகி, ஓட்ஸ், அரிசி என்று மாற்றி மாற்றிக் கொடுப்பது நல்லது.

பிடோக் பாட்டிமா | 7 மார்ச், மாலை 5.05

பெருங்காயம் ஒரு துளி போட்டால் வாயு பிடிக்காது. வசம்பு உரசி நாக்கில் தடவலாம். தேன்?

மருந்துப்பெட்டி | 7 மார்ச், இரவு 8.50

பெருங்காயம் சரி. ஆனால் கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கும். கோதுமை இன்னும் காட்டாத பிள்ளைக்கு, பொட்டலத்தைத் திருப்பிப் படித்துவிட்டுப் போடுங்க.

வசம்பு வேண்டாம் பாட்டிமா. அதில் பீட்டா அசரோன் என்கிற நஞ்சுப் பொருள் இருக்கு.

தேன் ஒரு வயது வரை ஒரு சொட்டுக்கூடக் கூடாது, பெயர் சூட்டும் நாளிலும்தான். அதிலுள்ள கிருமி வித்துகள் குழந்தையின் குடலில் முளைத்து, தசைகளைத் தளரவைக்கும் பாட்யூலிசம் என்ற நோயை வரவைக்கும். காய்ச்சினாலும் வித்து சாகாது.

கோப்பிக்கடை அரைவேக்காட்டு முட்டையும் அப்படித்தான், தாத்தாமார் கவனிக்க. மஞ்சள் கரு கெட்டியாகும்வரை வேகணும்.

பொங்கோல் புதுசு | 8 மார்ச், இரவு 9.30

நேற்று ஆரம்பித்தோம். ஒரு சந்தேகம்: மிச்சக் கஞ்சி அரை மணியில் தண்ணியாகிவிட்டது. கெட்டுப்போச்சா?

கரண்டி கணக்கு | 8 மார்ச், இரவு 9.48

எச்சில். குழந்தையின் உமிழ்நீரில் உள்ள அமிலேஸ் என்ற நொதி, கரண்டி வழியாகக் கிண்ணத்துக்குப் போய் மாவுச்சத்தை உடைக்கிறது. அதே கரண்டியில் கிருமியும் போகும். தண்ணியான கிண்ணம் ஒரு நல்ல அடையாளம், எச்சில் போய்விட்டது என்று அதுவே சொல்லுது. அதை எடுத்து வைத்து அடுத்த வேளைக்குக் கொடுக்கக்கூடாது.

இரண்டு மேசைக்கரண்டி மட்டும் தனிக் கிண்ணத்தில் எடுங்க. போதாவிட்டால் சுத்தமான வேறு கரண்டியால் இன்னும் கொஞ்சம். பெரிய பாத்திரத்திலிருந்து நேராக ஊட்டாதீங்க.

மைக்ரோவேவில் சூடாக்கும்போது பாதியில் நிறுத்திக் கிளறி, ஆவி பறக்கும்வரை, 75 டிகிரி தொடும்வரை சூடாக்கி, ஒரு நிமிடம் விட்டு மறுபடி கிளறி, ஆறவைத்துக் கொடுங்க. மேலே வெதுவெதுப்பு, நடுவில் கொதி என்று இருக்கும். ஊட்டும் முன் மணிக்கட்டில் ஒரு சொட்டு. ஒரு தரம் சூடாக்கியதை மறுபடி சூடாக்க வேண்டாம்.

தேக்கா மூலை | 9 மார்ச், காலை 10.15

மிக்சி மூடியின் ரப்பர் வாஷரைக் கழற்றிப் பார்த்தீர்களா யாராவது? ஸ்டெரிலைசரில் கிண்ணத்தைப் போடுகிற வீட்டிலேயே அந்த வாஷரின் பள்ளத்தில் கறுப்பு வரி இருக்கும். கரண்டிக் காம்பால் நெம்பி எடுத்து, பழைய பல் துலக்கியில் சோப்பு போட்டுத் தேய்த்து, காய்ந்த பிறகு மாட்டணும். கறுப்பு போகாவிட்டால் புது வாஷர் வாங்குங்க. தெர்மாஸ் மூடிக்கும் அப்படியே.

மருந்துப்பெட்டி | 9 மார்ச், மதியம் 1.00

மிக்சியையே ரொம்ப நாள் நம்ப வேண்டாம். ஏழு எட்டு மாதத்தில் முள்கரண்டியால் மசித்தது, ஒன்பது பத்து மாதத்துக்குள் மெல்லிய கட்டிகள். அதற்குமேல் தள்ளினால் கட்டி பட்டாலே துப்புகிற பழக்கம் நிற்கும். ஓங்கரித்தால் பயப்படாதீங்க, முகம் சிவந்து, சத்தம் வந்து, நாக்கு முன்னே வரும், தானே சரியாகும். அடைத்தால் சத்தமே வராது. உடனே முதுகில் 5 தட்டு, நெஞ்சில் 5 அழுத்தல், மாறி மாறி, பக்கத்தில் இன்னொருவர் 995. இதை ஊட்டுகிற மாமியாரும் கற்றுவைத்திருக்கணும். திராட்சையை நீளவாக்கில் நாலாக வெட்டணும். மீன் உருண்டையும் ரம்புத்தானும் இப்போதைக்கு வீட்டில் பெரியவர்களுக்கு மட்டும்.

பொங்கோல் புதுசு | 9 மார்ச், இரவு 11.10

கடைசித் திட்டம்: ஞாயிறு சமைத்து உறையவைப்பது. காலையில் இரண்டு கட்டிகளைச் சின்ன டப்பாவில் போட்டு மாமியாரிடம் கொடுத்துவிடுவேன். வடக்குக்கிழக்கு ரயிலேறி, செராங்கூனில் மாறி, பீஷானில் மறுபடி மாறி ஈசூன் போய்ச் சேர்வதற்குள் உருகிவிடும், அங்கே போனதும் சூடாக்கினால் போதும்.

கரண்டி கணக்கு | 9 மார்ச், இரவு 11.24

உருகவிட்டுக் கொண்டுபோக வேண்டாம். குளிர்ப்பையில் ஐஸ் கட்டியோடு, உறைந்தபடியே போகட்டும். போனதும் ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில், கதவில் அல்ல. 11.30க்கு வெளியே எடுத்து நேராக மைக்ரோவேவ். இன்னும் நல்லது, வாரத்துக்குத் தேவையானதை ஞாயிறே மொத்தமாக மாமியார் வீட்டு ஃப்ரீசரில் கொண்டுபோய் வைத்துவிடுங்க. தினமும் சுமக்க வேண்டாம்.

பொங்கோல் புதுசு | 9 மார்ச், இரவு 11.31

அவங்க ஃப்ரீசர் முழுக்க ஆட்டுக்கறி.

பிடோக் பாட்டிமா | 10 மார்ச், காலை 6.10

கறியை அடித்தட்டில் வைக்கச் சொல்லு, பிள்ளை டப்பா மேல்தட்டில். கறி ரத்தம் கீழேதான் சொட்டும்.